காற்றில் காணாமல் போன பென்சீன்: டீப்வாட்டர் ஹொரைசன் கசிவின் மேலே எடுத்த அளவீடுகள்

கடலோரக் காற்றில் இருக்கும் ஆவியாகும் கரிமச் சேர்மங்கள், அதாவது வி.ஓ.சி.க்கள், எங்கிருந்து வருகின்றன என்று கேட்டால் பதில் பட்டியலாக வரும். நிலத்துத் தொழிற்சாலை, வாகனம், கப்பல், எண்ணெய்க் கிணறு, கடற்பாசி, நீரில் மிதக்கும் நுண்ணுயிர். பட்டியலில் தவறில்லை. எதிலிருந்து எவ்வளவு என்று பிரிக்கப் போகும்போதுதான் சிக்கல். எல்லாமே கலந்து, பாதி வழியில் வேதிமாற்றம் அடைந்து, காற்று திரும்பும் பக்கமெல்லாம் திரும்பி வந்து சேர்கிறது. மூலத்தை நேரில் பார்த்தபடி, அதன் கலவையை முன்கூட்டியே தெரிந்துகொண்டு, கடல்மேல் அளக்கும் வாய்ப்பு அபூர்வம்.

2010இல் மெக்சிகோ வளைகுடாவில் நடந்த விபத்து அப்படி ஒரு வாய்ப்பாக அமைந்தது. யாரும் விரும்பிய வாய்ப்பு இல்லை. ஆனால் கடல்மேல் வி.ஓ.சி. பரவலைப் பற்றி அன்று கிடைத்த தெளிவு, பல வருட வழக்கமான கண்காணிப்பில் கிடைத்திருக்காது என்பது என் கணிப்பு. இந்த ஆய்வு அந்த அளவீடுகளைப் பற்றியது.

நடந்தது என்ன

2010 ஏப்ரல் 20 அன்று லூசியானா கரையிலிருந்து சுமார் 66 கி.மீ. தொலைவில் டீப்வாட்டர் ஹொரைசன் துளையிடும் மேடை வெடித்தது. 11 பேர் இறந்தார்கள். இரண்டு நாளில் மேடை மூழ்கியது. ஏறத்தாழ 1,500 மீட்டர் ஆழத்தில் இருந்த மக்கொண்டோ கிணற்றின் வாய் திறந்தே கிடந்தது. ஜூலை 15 அன்று அடைக்கும் வரை 87 நாட்கள் எண்ணெயும் வாயுவும் கலந்து வெளியேறின.

எவ்வளவு வெளியேறுகிறது என்பதில் ஆரம்பத்திலிருந்தே குழப்பம். முதலில் நாளொன்றுக்கு 1,000 பீப்பாய் என்றார்கள். ஏப்ரல் இறுதியில் 5,000. மே இறுதியில் 12,000 முதல் 19,000 வரை. ஜூன் 10 அன்று 20,000 முதல் 40,000 வரை, அடுத்த ஐந்தே நாளில் 35,000 முதல் 60,000 வரை. ஆகஸ்டில் வந்த அரசுக் கணக்கு, தொடக்கத்தில் நாளுக்கு 62,000 பீப்பாய், கடைசியில் 53,000 என்று முடிந்தது. கடலடிக் காணொளிகளையும் அழுத்த அளவுகளையும் வைத்து இந்த எண்கள் ஏறிக்கொண்டிருந்தபோது, கடலுக்கு மேலே இருந்த காற்றிலும் அதே கேள்விக்கு ஒரு பதில் இருந்தது.

அந்தச் சமயம் அமெரிக்கத் தேசியப் பெருங்கடல், வளிமண்டல நிர்வாகமான நோவாவின் ஆய்வு விமானம் ஒன்று கலிஃபோர்னியாவில் இருந்தது. டபிள்யூபி-3டி ஓரையன் வகை, நான்கு டர்போபிராப் என்ஜின்கள். கால்நெக்ஸ் என்ற காற்றுத்தர ஆய்வுக்காக அதன் வயிறு நிறைய வேதிக் கருவிகளை ஏற்றி வைத்திருந்தார்கள். நகரத்துக் காற்றை அளக்கத் தயாராகி நின்ற அதே கருவிகளோடு விமானத்தை வளைகுடாவுக்குத் திருப்பினார்கள். ஜூன் 8 அன்றும் 10 அன்றும் இரண்டு பறப்புகள். இந்த ஆய்வின் அடிப்படைத் தரவு பெரும்பாலும் அந்த இரண்டு நாட்களில் சேர்ந்ததுதான். கூடவே, அப்பகுதியில் இருந்த கப்பல்களிலும் ஹைட்ரோகார்பன் அளவீடுகள் எடுத்தார்கள்.

முறை எளிமையானது. காற்று வீசும் திசைக்குக் குறுக்கே, மூலத்திலிருந்து வெவ்வேறு தூரங்களில், தாழப் பறந்து வெட்டிக்கொண்டே போவது. ஒவ்வொரு வெட்டிலும் சேர்மங்களின் செறிவு எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று பார்ப்பது. செறிவின் உயர்வை வெட்டின் அகலம் முழுக்கக் கூட்டி, காற்றின் வேகத்தோடும் காற்று கலந்திருக்கும் அடுக்கின் உயரத்தோடும் பெருக்கினால், நொடிக்கு எத்தனை கிலோ அந்த வெட்டைக் கடந்து போகிறது என்று வந்துவிடும். எஃகுக் குடுவைகளில் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்குக் கொண்டுபோய்ப் பிரித்தும் பார்த்தார்கள். மூலக்கூறுகளை அவற்றின் எடையால் அடையாளம் கண்டு, பறக்கும்போதே அளக்கும் நிறை நிறமாலைமானிகளும் இருந்தன.

நீர் பிடித்து வைத்துக்கொண்டது

முதல் வியப்பு மீத்தேன். கிணற்றிலிருந்து மிக அதிகமாக வந்த தனிச் சேர்மம் அதுதான். ஆனால் கடலுக்கு மேலே காற்றில் கசிவிலிருந்து வந்த மீத்தேன் கிட்டத்தட்ட இல்லை. ஈத்தேனும் அப்படியே. மேலே ஏறும் வழியில் ஒன்றரைக் கிலோமீட்டர் நீர் அவற்றைக் கரைத்துக்கொண்டது. சுமார் 1,000 முதல் 1,300 மீட்டர் ஆழத்தில் ஹைட்ரோகார்பன் கரைந்த நீரடுக்கு ஒன்று பக்கவாட்டில் நீண்டு போனதை நீர் மாதிரிகள் தனியாகக் காட்டின. இரண்டும் பொருந்தின.

பென்சீன் கதை இன்னும் சுவாரசியமானது. பென்சீனையும் சாதாரண ஹெக்சேனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் ஆறு கார்பன் அணுக்கள். கொதிநிலை ஒன்றுக்கு 80 டிகிரி, மற்றதற்கு 69 டிகிரி. ஆவியாகும் வேகத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. நிலத்தில் எங்காவது பெட்ரோல் கொட்டினால் இரண்டும் கிட்டத்தட்டச் சேர்ந்தே காற்றுக்குப் போகும். நீரில் கரைவதில்தான் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்: பென்சீன் லிட்டருக்கு 1.8 கிராம் அளவு கரையும், ஹெக்சேன் வெறும் 0.01 கிராம் அளவு. ஏறத்தாழ இருநூறு மடங்கு. கிணற்றுக் கலவையில் இருந்த விகிதத்தையும் கடல்மேல் காற்றில் இருந்த விகிதத்தையும் ஒப்பிட்டால், ஹெக்சேனோடு பார்க்கும்போது பென்சீன் பெருமளவு குறைந்திருந்தது. குறைந்தது எங்கே போனது? நீரில் இருக்கிறது.

காற்றில் எது இருக்கிறது என்பதைவிட, இருக்க வேண்டியது எது இல்லை என்பதே இங்கே அதிகம் சொல்கிறது. மூலத்தின் கலவை தெரிந்திருந்ததால்தான் இது சாத்தியமானது. நோவா குழு 2011இல் வெளியிட்ட கணக்குப்படி, மேற்பரப்பை எட்டிய எண்ணெயோடு தொடர்புடைய ஹைட்ரோகார்பன்களில் எடையளவில் சுமார் 33 சதவீதம் மேலே வரும் வழியிலேயே நீரில் கரைந்துவிட்டது. சுமார் 14 சதவீதம் மேற்பரப்பைத் தொட்டதும் சீக்கிரமே ஆவியானது. அந்த 14 சதவீதம் என்பது நாளுக்குச் சுமார் 258 டன்.

258 டன் பெரிதா சிறிதா? மெக்சிகோ வளைகுடாவின் அடித்தளத்தில் இயற்கையாகவே எண்ணெய் ஊறும் இடங்கள் ஏராளம். அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் குழுவின் 2003ஆம் ஆண்டு மதிப்பீடு அந்த ஊற்றை வருடத்துக்கு 1,40,000 டன் என்று சொன்னது. நாளுக்கு வகுத்தால் 380 டன் சொச்சம். அது முழு வளைகுடாவிலும் சிதறி ஊறும் மொத்த எண்ணெய். இங்கே சில கிலோமீட்டர் அகலமுள்ள ஒரு நீர்ப்பரப்பிலிருந்து, ஆவியான பகுதி மட்டுமே 258 டன்.

இதே கணக்கிலிருந்து கசிவின் வேகத்துக்கும் ஒரு கீழ்வரம்பு கிடைத்தது. நீரில் அனேகமாகக் கரையாத, ஆனால் மேலே வந்ததும் முழுக்க ஆவியாகிவிடும் சேர்மங்களை எடுத்துக்கொள்ள வேண்டும். காற்றில் அவை எவ்வளவு போகின்றன என்பதைக் கிணற்றுக் கலவையில் அவற்றின் பங்கால் வகுத்தால் மொத்தம் வரும். கிணற்றுக் கலவையைப் பற்றி எந்தத் தகவலை எடுத்துக்கொள்கிறோம் என்பதைப் பொறுத்து நாளுக்கு 32,600 முதல் 47,700 பீப்பாய் வரை. மேற்பரப்புக்கே வராமல் ஆழத்தில் தங்கியது இதில் சேராது, அதனால்தான் இது கீழ்வரம்பு. கிணற்றுவாய்ப் பக்கமே போகாமல், மேலே இருந்த காற்றை மட்டும் முகர்ந்து, அதிகாரபூர்வ எண்கள் போய்ச் சேர்ந்த திசையிலேயே இந்த எண்ணும் வந்து நின்றது.

இங்கே ஒரு எச்சரிக்கையும் தேவை. காற்றின் வயதை, அதாவது மூலத்தை விட்டுக் கிளம்பி எவ்வளவு நேரமானது என்பதை, கணிக்க டொலுவீனுக்கும் பென்சீனுக்கும் உள்ள விகிதத்தைப் பயன்படுத்துவது வழக்கம். டொலுவீன் பகல் வெளிச்சத்து வேதிவினையில் இரண்டு நாளில் சிதைந்துபோகும், பென்சீன் பத்து நாள் போலத் தாக்குப்பிடிக்கும். அதனால் விகிதம் குறையக் குறையக் காற்று பழசு என்று பொருள். நகரத்தில் இது நன்றாகவே வேலை செய்யும். ஆழ்கடல் மூலம் என்றால் பென்சீன் முன்கூட்டியே நீரில் போய்விடுகிறது, விகிதம் செயற்கையாக ஏறிவிடுகிறது, பழைய காற்றும் புதுக்காற்றாகத் தெரியும். கடலோர நிலையம் ஒன்றின் தரவை எடுத்துக்கொண்டு, நிலத்துக்கு வகுத்த விகிதங்களை அப்படியே போட்டுப் பார்க்கும் ஆய்வுகளைப் பார்க்கும்போது எனக்குக் கொஞ்சம் உறுத்தும்.

ஒல்லியான கீற்று, அகலமான கீற்று

இந்த நிகழ்வின் மையம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன்.

விமானம் காற்றுக்குக் குறுக்கே வெட்டிப் போனபோது, இலகுவான வி.ஓ.சி.க்கள் ஒரு குறுகலான கீற்றாகத் தெரிந்தன. சில கிலோமீட்டர் அகலம்தான். கீற்றைத் தாண்டியதும் செறிவு சட்டென்று விழுந்தது. இதற்கு விளக்கம் எளிது: புதிதாக மேலே வந்த எண்ணெய் கிணற்றுக்கு அருகிலேயே ஒரு சிறு பரப்பில் வெளிப்பட்டது, அதிலிருந்த இலகுவானவை முதல் சில மணி நேரத்துக்குள் பறந்துவிட்டன. எண்ணெய்ப் படலம் பல பத்து கிலோமீட்டருக்குப் பரவிக் கிடந்தாலும், ஓரத்தில் கிடந்த பழைய எண்ணெயில் அவை மிச்சமில்லை.

ஆனால் அதே பறப்பில், அதே வெட்டில், கரிம நுண்துகள்களின் கீற்று பல மடங்கு அகலமாக இருந்தது. செறிவு கனமீட்டருக்கு 25 மைக்ரோகிராமைத் தாண்டியது. உலக சுகாதார நிறுவனம் 2005இல் நுண்துகளுக்கு வகுத்த 24 மணி நேர வழிகாட்டு அளவும் இதே 25 மைக்ரோகிராம்தான். நடுக்கடலில், நகரம் எதுவும் இல்லாத இடத்தில், இந்த அளவு.

ஆவியான சேர்மங்கள் காற்றில் ஆக்சிஜனேற்றம் அடைந்து துகளாக மாறுவதுண்டு. இந்தத் துகள்கள் இலகுவான வி.ஓ.சி.க்களிலிருந்து உருவாகியிருந்தால் அவற்றின் கீற்றும் அதே ஒல்லி அளவில்தான் இருந்திருக்க வேண்டும். காற்று பக்கவாட்டில் கலப்பதால் அகலமானது என்று சமாளிக்கவும் வழியில்லை, ஏனென்றால் அதே காற்றில்தான் இலகுவானவை ஒல்லியாக இருந்தன. ஆக, துகள்களின் மூலப்பொருள் அகலமான பரப்பிலிருந்து எழுந்திருக்க வேண்டும். அகலமான பரப்பிலிருந்து எழ வேண்டுமென்றால் அது மெதுவாக ஆவியாகும் பொருளாக இருக்க வேண்டும்.

கொடியில் போட்ட துணிகளில் மெல்லிய துண்டு முதலில் காய்ந்துவிடும், கனத்த போர்வை மாலை வரை ஈரமாகவே கிடக்கும். எண்ணெயும் அப்படித்தான் காய்கிறது. ஏழெட்டுக் கார்பன் வரையுள்ளவை சீக்கிரம் போய்விடுகின்றன. பத்துப் பதினோரு கார்பன் உள்ளவற்றுக்கு இன்னும் சில மணி நேரம். 14 முதல் 16 கார்பன் உள்ள ஆல்கேன்களின் கொதிநிலை 250 டிகிரிக்கு மேல். இவை பல பத்து மணி நேரம் எடுத்துக்கொள்கின்றன. அதற்குள் கடல் நீரோட்டமும் காற்றும் எண்ணெய்ப் படலத்தை வெகுதூரம் இழுத்துக்கொண்டு போய்விடுகின்றன. நேரம் இங்கே தூரமாக மாறுகிறது. கீற்றின் அகலத்தைப் பார்த்தாலே எந்த எடையுள்ள சேர்மம் ஆவியாகிறது என்று ஊகிக்க முடிகிறது.

இந்த நடுத்தர ஆவியியல்பு கொண்ட சேர்மங்கள்தான் துகள்களுக்கு மூலம் என்ற கருத்து அதற்கு முன்பே இருந்தது. 2007இல் கார்னெகி மெலன் பல்கலைக்கழகக் குழு இதை டீசல் புகையை வைத்து வலுவாக முன்வைத்திருந்தது. நகரத்தில் இதைச் சோதிப்பது கஷ்டம். வாகனத்திலிருந்து இலகுவானதும் கனமானதும் ஒரே குழாயில், ஒரே நேரத்தில் வருகின்றன. எது துகளானது என்று பிரித்துச் சொல்ல முடியாது. வளைகுடாவில் கடலே அந்தப் பிரிப்பு வேலையைச் செய்து கொடுத்தது. 2011இல் சயன்ஸ் இதழில் நோவா குழு இதை வெளியிட்டபோது, எண்ணெய்க் கசிவைப் பற்றிய செய்தியாக மட்டும் அதைப் பார்க்கவில்லை. நகரக் காற்றுக்கும் பொருந்தும் சான்றாகவே முன்வைத்தது.

இதில் ஒரு விசித்திரத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். துகளுக்குக் காரணமான அந்தக் கனமான சேர்மங்களை அந்த விமானத்தில் இருந்த கருவிகள் நேரடியாக அளக்கவில்லை. அளந்தவை பட்டியலில் இருந்தன, அளக்காததுதான் குற்றவாளி. பென்சீன் விஷயத்தைப் போலவே இங்கேயும் முடிவு மறைமுகமாகவே வந்தது. அங்கே இல்லாததை வைத்து, இங்கே அகலத்தை வைத்து.

எரிப்பும் கப்பல்களும்

கசிவைச் சமாளிக்கப் போன கப்பல்களும் ஒரு மூலம்தான். மேலே கொண்டுவந்த வாயுவைக் கொளுத்தினார்கள். மேற்பரப்பு எண்ணெயை வளைத்துக் கட்டி மொத்தம் 411 முறை தீயிட்டார்கள்; அப்படி எரிந்தது 2,20,000 முதல் 3,10,000 பீப்பாய் வரை இருக்கும் என்பது மதிப்பீடு. எரிந்த எண்ணெயில் எடையளவில் ஏறத்தாழ 4 சதவீதம் புகைக்கரியாக மேலே போனது.

கரும்புகைத் தூண்களின் படங்கள் செய்தித்தாள்களில் நிறைய வந்தன. ஆனால் துகள் கணக்கில் பெரிய பங்கு அந்தக் கரும்புகைக்கு இல்லை. மேற்பரப்பை எட்டிய எண்ணெயில் எடையளவில் சுமார் 8 சதவீதம் (4 முதல் 12 வரை இருக்கலாம்) கண்ணுக்குத் தெரியாமல் ஆவியாகி, பிறகு ஆக்சிஜனேற்றத்தால் துகளானது. எரிப்பு அவ்வப்போது நடந்தது, இது இரவு பகலாக நடந்தது. மொத்தத்தில் இதுதான் அதிகம் என்று 2012இல் வந்த காற்றுத்தர ஆய்வு காட்டியது.

அப்புறம் ஓசோன். வி.ஓ.சி. மட்டும் இருந்தால் ஓசோன் பெரிதாக உருவாகாது, நைட்ரஜன் ஆக்சைடும் வேண்டும். திறந்த கடலில் அது குறைவு. ஆனால் மீட்புக் கப்பல்களின் என்ஜின்களும் எரிப்பும் அதைக் கொண்டுவந்து சேர்த்தன. ஆவியாகும் எண்ணெயும் கப்பல் புகையும் ஒரே காற்றில் சந்தித்த இடத்தில் ஓசோன் ஏறியது. சுத்தம் செய்யப் போன கப்பல்களே இதற்குப் பாதிச் சரக்கைக் கொடுத்தன என்பது கொஞ்சம் கசப்பான உண்மை.

கரைக்கு வந்தது என்ன

ஜூன் 10 அன்று காற்று தென்கிழக்கிலிருந்து, லூசியானா கரைப் பக்கம் வீசியது. கரையில் இருந்தவர்களுக்கு அப்போது இருந்த பயம் பென்சீனைப் பற்றி. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை கரையோரத்தில் வி.ஓ.சி.க்களைக் கண்காணித்துக்கொண்டிருந்தது. பயம் நியாயமானதே, பென்சீன் புற்றுநோய் தரும் பொருள். ஆனால் மேலே பார்த்த காரணங்களால், 66 கி.மீ. தாண்டிக் கரைக்கு வந்து சேரக்கூடியதில் பென்சீன் முக்கியமானதாக இல்லை. வழியிலேயே ஒரு பங்கு நீரில் தங்கிவிட்டது, மிச்சம் ஒல்லியான கீற்றில், பரவிக் குறைந்து வந்தது. அகலமாக வந்தது நுண்துகள். கணினி மாதிரிக் கணிப்போடு ஒப்பிட்டபோது, கரையோர மக்கள் வாழும் பகுதிகளில் சில சமயங்களில் பதிவான கரிமத் துகள் உயர்வுக்குக் கசிவே காரணமாக இருந்திருக்கக்கூடும் என்று தெரிந்தது.

இதில் நான் யாரையும் குறை சொல்லப் பார்க்கவில்லை. வி.ஓ.சி. என்று பெயரிட்டுத் தேடினால், வழக்கமான பட்டியலில் இருக்கும் வி.ஓ.சி.தான் கிடைக்கும். கடலில் நடக்கும் கசிவுக்கு அந்தப் பட்டியலை அப்படியே எடுத்துக்கொள்வது போதாது, துகளையும் நடுத்தர ஆவியியல்புச் சேர்மங்களையும் சேர்த்தே அளக்க வேண்டும். இது அளவீட்டுத் திட்டம் போடுபவர்கள் முதல் நாளே முடிவு செய்ய வேண்டிய விஷயம்.

கசிவின் அருகிலேயே கப்பலில் நின்று வேலை செய்தவர்கள் நிலைமை வேறு. அவர்கள் ஒல்லியான கீற்றுக்குள்ளேயே இருந்தார்கள். எண்ணெயைச் சிதறடிக்கும் ரசாயனத்தைக் கிணற்றுவாய்க்கு அருகிலேயே, கடலடியில் செலுத்தியது அவர்களுக்கு உதவியதா என்பது இன்னும் வாதத்தில் இருக்கும் கேள்வி. மொத்தம் 18.4 லட்சம் கேலன் ரசாயனம் பயன்பட்டது, அதில் 7,71,000 கேலன் கடலடியில். எண்ணெய்த் துளி சிறிதானால் மெதுவாக ஏறும், ஏறும் வழியில் அதிகம் கரையும் என்பது இதன் தர்க்கம். 2017இல் வந்த ஒரு கணினி மாதிரிக் கணக்கு, ஜூன் 8ஆம் தேதி நிலவரத்தை எடுத்துக்கொண்டு, கடலடிச் செலுத்தலால் காற்றுக்குப் போன வி.ஓ.சி. 28 சதவீதம் குறைந்தது என்றும், பென்சீன் ஆவியாதல் சுமார் 2,000 மடங்கு குறைந்தது என்றும் சொன்னது. கிணற்றுவாயின் கொந்தளிப்பே துளிகளை ஏற்கனவே பொடியாக்கிவிட்டது, ரசாயனம் செய்த வேலை சொற்பம் என்று வேறு ஆய்வாளர்கள் மறுத்தார்கள். முதல் கணக்கு சரியென்றாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: காற்றுக்குப் போகாத பென்சீன் அழியவில்லை, ஆழ்நீரில் இருந்த உயிர்கள் பக்கம் போனது. யார் மூச்சில் போக வேண்டாம் என்று தீர்மானித்தால், யார் செவுளில் போகட்டும் என்றும் சேர்த்தே தீர்மானிக்கிறோம்.

மற்ற கடல்களுக்குப் பொருத்தும்போது

இந்த முடிவுகளை வேறு கடலோரங்களுக்கு எடுத்துப் போகும்போது கவனம் தேவை. ஆழம் முக்கியம். ஒன்றரைக் கிலோமீட்டர் நீர் இருந்ததால்தான் மீத்தேனும் பென்சீனும் தங்கின. இருபது முப்பது மீட்டர் ஆழத்தில் குழாய் உடைந்தால் கரைவதற்கு நேரமே இருக்காது, பெரும்பகுதி நேரே காற்றுக்கு வரும். கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பராவை ஒட்டிய கோல் ஆயில் பாயின்ட்டில் இயற்கை ஊற்றுகள் ஆழம் குறைந்த நீரில் குமிழியிடுகின்றன. அங்கே மீத்தேன் காற்றுக்கு வந்து சேர்கிறது. எண்ணெய் வகையும் முக்கியம். மக்கொண்டோ எண்ணெய் இலகு ரகம், தார் போன்ற கனமான எண்ணெய் இப்படி நடந்துகொள்ளாது.

கசிவே இல்லாத சாதாரண நாட்களில் கடலோரக் காற்று வேறு கதை சொல்லும். இரவில் நிலக்காற்று நகரத்து ஆவிகளைக் கடல்மேல் தள்ளும், பகலில் கடற்காற்று அவற்றை ஓசோனோடு சேர்த்துத் திருப்பிக் கொண்டுவரும். ஹூஸ்டனைச் சுற்றியுள்ள பகுதிகளில் இது நன்கு அறிந்த சங்கதி. 2000ஆம் ஆண்டு நடந்த டெக்சஸ் ஆய்வில், பெட்ரோ ரசாயன ஆலைகளிலிருந்து வந்த எத்திலீனும் புரொப்பிலீனும் கணக்கில் காட்டியதைவிட மிக அதிகம் என்று தெரிய வந்தது. கடல் தன் பங்குக்கு டைமெத்தில் சல்ஃபைடு என்ற கந்தகச் சேர்மத்தை அனுப்புகிறது. உலகப் பெருங்கடல்கள் முழுவதும் சேர்த்து வருடத்துக்கு, கந்தகக் கணக்கில், சுமார் 2.8 கோடி டன். கரையோரக் கடற்பாசிகள் புரோமோஃபார்ம் விடுகின்றன, நுண்ணுயிர்கள் கொஞ்சம் ஐசோப்ரீன்.

இத்தனைக்கும் நடுவில் எண்ணெய் மூலத்தைப் பிரிக்க ஒரு எளிய கைப்பிடி உண்டு. ஐசோபென்டேனுக்கும் சாதாரண பென்டேனுக்கும் உள்ள விகிதம் வாகனப் பெட்ரோல் ஆவியில் இரண்டுக்கு மேல் போகும், எண்ணெய் வயல் வாயுவில் ஒன்றை ஒட்டியே நிற்கும். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில் வேதிவினையில் சிதைவதால் பயணத்தில் விகிதம் அதிகம் மாறாது. நீரில் கரைவதிலும் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை, ஆகவே பென்சீனை வைத்துப் பார்க்கும்போது வரும் தொல்லை இங்கே வராது. கடலோர நிலையம் ஒன்றில் ஒரே ஒரு விகிதத்தைத்தான் தொடர்ந்து பார்க்க முடியும் என்றால் நான் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன்.